ஏற்காட்டில் ஓட்ஸ் சுட்டால் ஓரம் காய்ந்து நடு கூழாவது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் பழம், பட்டை, ஏலக்காய் போட்டு ஓவனில் சுட்ட ஓட்ஸ் மூன்று தடவையும் அருமையாக வந்தது. அதே தட்டையும் அதே ஓவனையும் ஏற்காட்டில் புதிதாகத் திறந்த உங்கள் ஹோம்ஸ்டேக்குத் தூக்கிப்போய், டிசம்பர் காலையில் அதே அளவில் செய்தால் ஓரம் வறட்டி மாதிரி காய்கிறது, நடுவில் கூழாக நிற்கிறது, ஆப்பிள் துண்டு நறுக்கென்று பச்சையாகக் கடிபடுகிறது. மாமியார் "இது பொங்கலா, கேக்கா?" என்று கேட்டுவிட்டு உப்புமா கிண்டப் போய்விட்டார். கூடவே இரண்டு கேள்விகள்: முட்டை சாப்பிடாத விருந்தினருக்கு எப்படிச் செய்வது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாமா?

நான் ஏற்காட்டில் பதினாறு வருஷம் ஒரு தங்கும் விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொண்டவள். இப்போது கீழே சேலம் சூரமங்கலத்தில் வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுக்கிறேன். மேலேயும் கீழேயும் ஓவனோடு மல்லுக்கட்டிய அனுபவம் உண்டு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மாமியாருக்குப் பதில். இது கேக்கும் இல்லை, பொங்கலும் இல்லை. சீம்பாலுக்குப் பக்கத்து வீடு. பாலும் முட்டையும் சூட்டில் இறுகும், அந்த இறுக்கத்துக்குள் ஓட்ஸ் ஊறி உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கத்து வீடுகளில் பழகிய காலைச் சாப்பாடு இது. கேக் என்று நினைப்பவர்கள் இட்லி மாவு பதத்துக்குக் கெட்டியாகக் கலக்கிவிடுகிறார்கள். பொங்கல் என்று நினைப்பவர்கள் அடுப்பில் குழைய வேகவைத்த பிறகு ஓவனில் வைக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். ஓவனுக்குள் போகும்போது அது பார்க்கவே மோசமாக இருக்க வேண்டும். பாலில் ஓட்ஸ் மிதந்துகொண்டு, இது எங்கே இறுகப்போகிறது என்று சந்தேகம் வரவேண்டும். அந்தச் சந்தேகம் வரவில்லை என்றால் பால் போதவில்லை.

இனி மலை விஷயம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தில் வாங்கிக் காரில் போட்ட சிப்ஸ் பாக்கெட் மேலே போய்ச் சேரும்போது பலூனாக உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே காற்றழுத்தம் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, அதனால்தான் அந்த உப்பல். தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தப்பாக முடிவு கட்டுகிறார்கள். மலையில் எதுவும் சீக்கிரம் வேகாது, ஓட்ஸும் அப்படித்தான் என்று நினைத்து இன்னும் இருபது நிமிஷம் கூட வைப்பார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் கடையில் வாங்கும் ஓட்ஸ் ஆலையிலேயே ஆவி பிடித்து, உருளைக்கு நடுவே நசுங்கி வருவது. அதன் மாவுச்சத்து 60, 65 டிகிரியிலேயே தண்ணீரைக் குடித்து வீங்கத் தொடங்கிவிடும். பாலும் முட்டையும் சேர்ந்து இறுக 80, 85 டிகிரி போதும். தட்டின் நடுப்பகுதி சேலத்திலும் கொதிப்பதில்லை, ஏற்காட்டிலும் கொதிப்பதில்லை. கொதிநிலை மேல் பழி போடுவதில் அர்த்தமே இல்லை. உங்களைக் கவிழ்த்தவை இரண்டு: மேற்பரப்பிலிருந்து சீக்கிரம் பறந்துபோகும் ஈரம், உள்ளே சீக்கிரம் ஏறாத சூடு.

இரண்டாவதைச் சொல்கிறேன், அதுதான் பெரியது. சேலத்தில் மேடையில் இருக்கும் பால் 28, 30 டிகிரியில் இருக்கும். ஏற்காட்டில் டிசம்பர் காலை சமையலறையே 14, 15 டிகிரியில் விறைத்துக் கிடக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் என்றால் இன்னும் மோசம். அந்தப் பாலில் உருக்கிய நெய்யை ஊற்றினீர்கள் என்றால் உடனே மணல் மணலாக உறைந்து மேலே மிதக்கும். குளிர்ந்த முட்டை, குளிர்ந்த பழம், குளிர்ந்த தட்டு எல்லாம் சேர்ந்து ஓவனுக்குள் போனால் நடுப்பகுதி 80 டிகிரியை எட்டுவதற்குள் ஓரம் இரண்டு தடவை வெந்து முடிந்திருக்கும். ஓரம் வறட்டி, நடு கூழ் என்பதற்குப் பெரிய காரணம் இதுதான். பாலை, தயிருக்கு உறை ஊற்றுவோமே, அந்தச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். விரல் விட்டால் சுடக்கூடாது, இதமாக இருக்க வேண்டும். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். ஓவன் சூடாகும் நேரத்தில் தட்டை அதன் தலைமேல் வைத்தாலே வெதுவெதுப்பாகிவிடும். இந்த மூன்றையும் மட்டும் செய்து, வேறு எதையும் மாற்றாமல் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். பாதிக் குறை போய்விடும்.

மீதிப் பாதிக்கு அளவைத் திருத்த வேண்டும். கீழே சேலத்துக்கு என் அளவு இது: ஓட்ஸ் 200 கிராம், பால் 450 மில்லி, முட்டை இரண்டு, வெல்லம் 90 கிராம், அதைக் கரைக்கத் தண்ணீர் 50 மில்லி, நெய்யோ வெண்ணெயோ 40 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பழம் தோல் சீவிய பிறகு 300 கிராம். எட்டு அங்குலச் சதுரத் தட்டில் ஆறு பேருக்கு வரும். 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம். ஏற்காட்டில் பாலை 500 அல்லது 510 மில்லியாக்குங்கள். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் பேக்கிங் பவுடரின் வாயு அதிகமாக விரிந்து, பொங்கிய வேகத்திலேயே நடுவில் அமுங்கிவிடும், அதனால் முக்கால் டீஸ்பூன் போதும். ஓவனை 190 டிகிரிக்கு வையுங்கள். முதல் இருபது நிமிஷம் தட்டின் மேல் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, பிறகு எடுத்துவிடுங்கள். மூடியிருக்கும்போது ஈரம் உள்ளேயே நிற்கும், திறந்த பிறகு மேற்புறம் சிவக்கும். உப்பைக் குறைக்காதீர்கள். அரை டீஸ்பூன் உப்பு இல்லாத ஓட்ஸ் ஆஸ்பத்திரிக் கஞ்சி.

வெந்ததா என்று பார்க்கக் குச்சி விட்டுக் குத்துவது கேக்குக்குச் சரி. இங்கே குச்சி எப்போதும் ஈரமாகத்தான் வரும். அதை நம்பி இன்னும் வைத்துக்கொண்டே போனால் வறட்டிதான். தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை அசையக்கூடாது, நடுவில் ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் இறுகிய சீம்பால் மாதிரி தளதளவென்று ஆட வேண்டும். அலையடித்தால் வேகவில்லை. ஆடவே இல்லை என்றால் ஐந்து நிமிஷத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். எடுத்ததும் வெட்டாதீர்கள். பத்து நிமிஷம் வெளியே இருக்கட்டும், உள்சூட்டில் மீதியும் இறுகிவிடும்.

எந்த ஓட்ஸ் என்று நீங்கள் எழுதவில்லை. நம் மளிகைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது மூன்று நிமிஷத்தில் வேகும் மெல்லிய ஓட்ஸ். அது பாலைச் சட்டென்று குடித்துக் களியாகிவிடும். அதைத்தான் போடுகிறீர்கள் என்றால் பாலில் 50 மில்லி குறைத்து, ஊறவைக்காமல் கலந்த உடனே ஓவனில் வையுங்கள். பாக்கெட்டில் ரோல்டு ஓட்ஸ் என்று போட்டிருக்கும் தடிமனான வகை கிடைத்தால் அதுதான் இதற்குச் சரி. விரலில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு செதிலும் முழுசாக, நடுவில் ஒரு கோட்டோடு தெரியும். அதைக் கால் மணி நேரம் பாலில் ஊறவிடலாம். ஸ்டீல் கட் என்று ரவை மாதிரி உடைத்து வருவது ஏற்காட்டுக் காலை அவசரத்துக்கு ஒத்துவராது, விட்டுவிடுங்கள். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டைப் பிரித்து இதில் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். மாம்பழத்தோடு பூண்டு வாசனை எப்படி இருக்கும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

வெல்லத்தை நேராகப் பாலில் போட்டுச் சூடாக்கினால் திரிந்துபோகும், பாயசம் வைத்தவர்களுக்குத் தெரியாததில்லை. முட்டை இருந்தால் அந்தத் திரிவு ஓரளவு மறைந்துகொள்ளும், முட்டை இல்லாமல் செய்யும்போது அப்பட்டமாகத் தெரியும். 50 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்து, கடைசியாகச் சேருங்கள். வடிகட்டும்போது அடியில் நிற்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் வடிகட்டச் சொல்கிறேன் என்று புரியும். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வாங்குகிறீர்கள் என்றால் பளிச்சென்று மஞ்சளாக இருப்பதை விட்டு, கறுத்த வெல்லமாகக் கேளுங்கள். அந்த லேசான கசப்பு பட்டையோடு சேரும்போது தனி ருசி.

இனி பழம். எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆப்பிள் ஏன் நறுக்கென்று நின்றது? பழத்தின் சதையைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் இளகவே கிட்டத்தட்ட 85 டிகிரி வேண்டும். நடுப்பகுதி அந்தச் சூட்டைத் தொடுகிற நேரத்தில் நாம் தட்டை வெளியே எடுத்துவிடுகிறோம். ஓவன் 190 காட்டினாலும் ஓட்ஸுக்குள் புதைந்த ஆப்பிளுக்கு அந்த 190 தெரியாது. அதனால் கெட்டிப் பழம் எதுவானாலும் ஓவனுக்கு முன் வாணலி. ஒரு ஸ்பூன் நெய், ஒரு துண்டு பட்டை, துண்டு போட்ட ஆப்பிள், ஒரு சிட்டிகை உப்பு. மூடிவைத்து ஐந்தாறு நிமிஷம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உருக்குலையக்கூடாது. வாணலியில் ஊறும் சாற்றைக் கொட்டாமல் அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் இமாச்சலிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் லாரியில் வருவது. ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு அதையே ஏன் போட வேண்டும் என்பது என் நெடுநாள் வருத்தம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை வைத்தார். வெள்ளைக்காரர்கள் காப்பியோடு சேர்த்துப் பழமரங்களையும் வளர்த்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் மழை மாதங்களில் சாலையோரம் குவித்து விற்கும் ஏற்காட்டுப் பேரிக்காய். கடித்தால் கல் மாதிரி இருக்கும், சதையில் மணல் நெறுநெறுக்கும், அதனால் சுற்றுலா வருபவர்கள் ஒரு கடி கடித்துவிட்டுக் கார் ஜன்னல் வழியாக வீசிவிடுவார்கள். ஆனால் அது வேகவைத்துச் சாப்பிடவே பிறந்த பழம். கடையில் பட்டுத்துணி மாதிரி பஞ்சு சுற்றி விற்கும் வெளிநாட்டுப் பேரிக்காய் ஓவனில் சாறு விட்டுக் குழைந்துவிடும். நம் பேரிக்காய் அசையாது. தோல் சீவி, நடுவில் இருக்கும் கட்டையை எடுத்து, விரல் தடிமனுக்குக் கீறல் போட்டு, நெய்யில் எட்டு அல்லது பத்து நிமிஷம் மூடி வதக்குங்கள். இறக்கும்போது ஏழெட்டு மிளகை இடித்துப் போடுங்கள். மிளகா என்று முகம் சுளிக்காதீர்கள். உங்கள் ஹோம்ஸ்டேவைச் சுற்றி சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிடப்பது அதே மிளகுக் கொடிதான். பேரிக்காயின் மந்தமான இனிப்பைத் தட்டி எழுப்புவது அதுதான். தட்டின் அடியில் இந்தத் துண்டுகளை வரிசையாக அடுக்கி, மேலே ஓட்ஸ் கலவையை ஊற்றிச் சுட்டால், வெட்டி எடுக்கும்போது அடியில் வெல்லமும் நெய்யும் கலந்து செம்புநிறத்தில் பளபளக்கும்.

சேலத்து மாம்பழத்தில் இமாம்பசந்தை ஓவனில் வைப்பது பாவம். மல்கோவாவும் அப்படித்தான், அதை நறுக்கிச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். சுடுவதற்குச் செந்தூராவோ, பாதி பழுத்த கிளிமூக்கோ எடுங்கள். லேசான புளிப்பும் கெட்டிச் சதையும் சூட்டைத் தாங்கும். மாம்பழம் நிறையத் தண்ணீர் விடும், அதனால் பாலில் 50 மில்லி குறையுங்கள். துண்டுகளை உள்ளே கலக்காமல், மூடியைத் திறக்கும் இருபதாவது நிமிஷத்தில் மேலே பரப்புங்கள். பலாச்சுளையைப் பொடியாக அரிந்து மூன்று நான்கு சுளைக்கு மேல் போடாதீர்கள். கூடினால் பட்டையும் ஏலக்காயும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வாழைப்பழம் எதற்கும் சண்டைக்கு வராது. ஏற்காட்டு ஆரஞ்சின் சாற்றைப் பாலில் பிழிந்தால் திரியும். தோலின் ஆரஞ்சு நிறத்தை மட்டும், வெள்ளை வராமல், துருவிச் சேருங்கள். சுளையைக் கொட்டை எடுத்துப் பரிமாறும்போது மேலே வையுங்கள்.

அன்னாசி மட்டும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு தடவை விடுதியில் இருபது பேருக்கு என்று முதல் நாள் ராத்திரியே வேகவைக்காத அன்னாசியைப் பாலிலும் ஓட்ஸிலும் கலந்து ஊறவைத்துவிட்டேன். காலையில் ஓவனிலிருந்து வந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் வேப்பங்காய். வேகாத அன்னாசியில் இருக்கும் புரோமலின் என்ற நொதி பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கசப்பாக்கிவிடும், ராத்திரி முழுக்க அதற்கு நேரமும் கொடுத்திருந்தேன். பச்சைப் பப்பாளியும் இதே வேலையைச் செய்யும். அன்னாசி போட ஆசை என்றால் முதலில் சர்க்கரையில் நன்றாகக் கொதிக்கவிடுங்கள், சூட்டில் அந்த நொதி செத்துவிடும். அன்றைக்கு இருபது பேருக்கும் தோசை ஊற்றி என் மணிக்கட்டு போனது.

மசாலாவில் கை நிதானம் முக்கியம். நம்மூர்ப் பிரியாணிப் பட்டை தடியாக, மரப்பட்டை மாதிரி ஒரே அடுக்காக இருக்கும், காரம் தூக்கல். சுருள் பட்டை மெல்லிய தாள்களைச் சுருட்டிய சுருட்டு மாதிரி, கையில் நொறுங்கும், வாசனை இனிப்பாக இருக்கும். விலை கூடுதலானாலும் இதற்குச் சுருள் பட்டைதான். சேலம் லீ பஜாரில் கேட்டால் தனியாக எடுத்துத் தருவார்கள். பொடியாக இருக்கும் பட்டையைப் பாலில் தூவினால் கட்டி கட்டியாக மிதக்கும், கரையவே கரையாது. நெய்யைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, அந்த நெய்யில் ஒன்றரை டீஸ்பூன் பட்டைப் பொடி, நான்கு ஏலக்காயின் விதை இடித்தது, கால் டீஸ்பூன் சுக்குப் பொடி போட்டுக் கலக்குங்கள். ஒரு நிமிஷத்தில் வீடே மணக்கும். வாசனை தண்ணீரைவிட நெய்யில்தான் இறங்கும், தாளிப்பின் தத்துவம் இங்கேயும் அதேதான். ஜாதிக்காயைத் துருவியில் நான்கு இழுப்பு, அதற்கு மேல் இழுத்தால் மருந்து. கிராம்பு ஒன்று போதும், அதுவும் பேரிக்காய் வதக்கும்போது. மாம்பழத்துக்குப் பட்டையைப் பாதியாக்கி ஏலக்காயையும் சுக்கையும் தூக்குங்கள். ஏற்காட்டுக் காலைக்குச் சுக்கு கொஞ்சம் முன்னே நின்றால் நல்லது.

தட்டு. சேலத்துக்காரியாக இருந்துகொண்டு எவர்சில்வரைக் குறை சொல்லக்கூடாது, உருக்காலை இருக்கிற ஊர். ஆனாலும் சொல்கிறேன்: மெல்லிய எவர்சில்வர் தட்டு சூட்டைச் சீராகப் பரப்பாது, ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வெளுக்கும். அலுமினியக் கேக் தட்டு நல்லது. கண்ணாடித் தட்டு மெதுவாகச் சூடேறும், ஆனால் சூட்டைப் பிடித்துவைத்து மேஜைவரை கொண்டுபோகும், ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கொடுங்கள். குளிர்ந்த கண்ணாடியை மட்டும் நேராகச் சுடும் ஓவனில் தள்ளிவிடாதீர்கள், விரிசல் விடும். கலவையின் உயரம் எந்தத் தட்டிலும் நான்கு சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு வேண்டும் என்றால் ஒரே தட்டை ஆழமாக்காமல் இரண்டு தட்டு வையுங்கள்.

ஓடிஜி என்கிற, மேஜைமேல் வைக்கும் கரண்ட் ஓவன்கள் ஆயிரத்துச் சொச்சம் வாட் முதல் இரண்டாயிரம் வாட் வரை இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. மேலே கரண்ட் எப்போது போகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஜனவரிக் காலை, ஜன்னலுக்கு வெளியே பனி, எதிரே இருந்த மரம்கூடத் தெரியவில்லை. மேஜையில் பதினாலு பேர். ஓவன் இருபத்திரண்டு நிமிஷம் ஓடிய பிறகு கரண்ட் போனது. பெரிய அலுமினியக் குண்டானில் இரண்டு விரல் உயரம் கல் உப்பைக் கொட்டி, நடுவில் ஒரு வளையம் வைத்து, கேஸ் அடுப்பில் காயவைத்தோம். அந்த வளையத்தின் மேல் தட்டை இறக்கி, பக்கத்து அடுப்பில் நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லை மூடியாகக் கவிழ்த்தோம். தோசைக்கல் ஆறியதும் எடுத்துத் திரும்பக் காயவைத்து மூடினோம். இருபது நிமிஷத்தில் நடு இறுகி, மேலே புள்ளி புள்ளியாகச் சிவந்தும் வந்தது. அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்து விறகடுப்பா என்று கேட்டார்கள். ஓவனே இல்லாதவர்களும் இப்படிச் செய்யலாம். குக்கரில் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு: இரண்டு முட்டைக்குப் பதில் நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்து, புளிக்காத கெட்டித் தயிர் மூன்று ஸ்பூன், வறுத்துப் பொடித்த ஆளிவிதை ஒரு ஸ்பூனை மூன்று ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்த கொழகொழப்பு. இறுக்கிப் பிடிப்பது இப்போது ஓட்ஸும் ஆளிவிதையும்தான், அதனால் சீம்பால் ஆட்டம் இதில் வராது. ஓரம் தட்டைவிட்டு விலகி, மேற்புறம் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம் இருபது நிமிஷமாவது ஆற வேண்டும், அவசரப்பட்டு வெட்டினால் உதிர்ந்துபோகும். ஜவ்வரிசி சேர்த்துப் பார்க்கலாமா என்று சேலத்தில் எல்லோரும் கேட்பார்கள். சேர்க்கலாம், இரண்டு ஸ்பூன், முன்பே ஊறவைத்துக் கண்ணாடியாக வேகவைத்தது மட்டும். பச்சையாகப் போட்டால் நடுவில் வெள்ளைப் புள்ளியோடு பல்லில் ஒட்டும். சாமைக்கும் இதே கதை. மலைக் கிராமங்களில் கிடைக்கும் சாமையைச் சோறாக வடித்து, ஓட்ஸ் இடத்தில் போட்டுச் சுட்டால் நல்ல பண்டம்தான், ஆனால் அது வேறு பண்டம்.

சர்க்கரை நோய் பற்றி. ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து ஒரு நாளைக்கு 3 கிராம் கிடைத்தால் இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் பாக்கெட்டில் போட அனுமதித்தது. ஓட்ஸின் நல்ல பெயருக்கு அதுவும் ஒரு காரணம். 40 கிராம் ஓட்ஸில் அந்த நார் ஒன்றரை கிராம் அளவுக்கு இருக்கும், நம் தட்டின் ஒரு துண்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அதே துண்டில் 15 கிராம் வெல்லமும் பழமும் இருக்கின்றன. வெல்லம் சர்க்கரையைவிட நல்லது என்று விருந்தினரிடம் சொல்லி விற்காதீர்கள். ரத்தச் சர்க்கரைக்கு இரண்டும் பங்காளிகள். அவர்களுக்கென்று தனியாக ஒரு சிறு கிண்ணத்தில், வெல்லத்தை மூன்றில் ஒரு பங்காக்கி, வாழைப்பழமும் மாம்பழமும் இல்லாமல், பேரிக்காயோ ஆப்பிளோ போட்டு, முட்டையும் ஒரு கைப்பிடி பாதாமும் சேர்த்துச் செய்து, அளவோடு கொடுங்கள். கூடவே ஜூஸ் வைக்காதீர்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத விருந்தினர் வந்தால் சாதாரண ஓட்ஸ் கொடுக்க வேண்டாம், வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்தான் அவர்களுக்கு.

எட்டு மணிக்கு டிபன் என்றால் ராத்திரியே பழத்தை வதக்கி, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஓட்ஸ், பேக்கிங் பவுடர், உப்பைத் தனியாக ஒரு டப்பாவில் கலந்து வைத்துவிடுங்கள். ஈரமும் பேக்கிங் பவுடரும் காலையில்தான் சந்திக்க வேண்டும். ஆறே முக்காலுக்கு ஓவனைச் சூடாக்கி, ஏழுக்குத் தட்டை உள்ளே தள்ளினால், மூடியோடு இருபது நிமிஷம், திறந்து இருபது, ஆற ஒரு பத்து. உங்களுக்கே ஒரு காப்பி குடிக்க நேரம் மிஞ்சும். பரிமாறும்போது மேலே கொஞ்சம் சூடான பாலை ஊற்றிக் கொடுங்கள், சிலருக்குக் கெட்டித் தயிர் பிடிக்கும். மலைத்தேன் இருந்தால் சாப்பிடும்போதுதான், ஓவனில் வேண்டாம்.

லேட்டாக எழுந்து வருகிறவர்களுக்கு மீதித் துண்டைத் திரும்ப ஓவனில் வைக்காதீர்கள், இருக்கிற ஈரமும் போய்விடும். இட்லிப் பானையில், தட்டின் மேல் துணி போட்டு, ஐந்து நிமிஷம் ஆவி காட்டுங்கள். மூடியில் சேரும் தண்ணீர் மேலே சொட்டாமல் இன்னொரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் எப்படியும் இட்லிக்குப் பானையைக் காயவைத்திருப்பார், ஒரு தட்டு அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.